ஏரி அரிக்கும் கரைக்கு எந்தச் சுவர்?

கடல் அரிப்பு என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடலோர ஊர்களில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஏரியும் வீட்டை விழுங்கும் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. நம் ஊர் ஏரி கோடையில் வற்றி, ஆடு மாடு மேயும் இடமாகிவிடும். அமெரிக்காவின் மிஷிகன் ஏரி அப்படிப்பட்டதல்ல. அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றே குறைவு. தண்ணீர்தான் உப்பில்லையே தவிர, புயல் நாளில் அலை ஆளுயரத்தைத் தாண்டும். 2019ஆம் ஆண்டின் இறுதியில், கரை மேட்டின் உச்சியில் நின்ற ஒரு வீடு மண் சரிந்து அப்படியே ஏரிக்குள் விழுந்தது.

அந்த ஏரிக்கரையில் வீடு வாங்கிக் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், தடுப்புச்சுவர் கட்ட நான்கு ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டதாகவும், நால்வரும் நான்கு பொருளைச் சொன்னதாகவும் நம்மிடம் குறைபட்டுக்கொண்டார். எஃகு, வினைல், கான்கிரீட், பாறைக்கல். இவற்றில் எது நல்லது? நாம் பொறியாளர் அல்ல என்றாலும், படித்துத் தெரிந்துகொண்ட வரை ஒன்றைச் சொல்ல முடியும்: பொருளைக் கேட்பதற்கு முன் தண்ணீரைக் கேட்க வேண்டும்.

மிஷிகன் ஏரியில் கடலைப் போல் ஓதம் ஏறி இறங்குவதில்லை. அதற்குப் பதிலாக, மழை, பனி, ஆவியாதல் ஆகியவற்றின் கணக்குப்படி நீர்மட்டம் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்குகிறது. 2013 ஜனவரியில் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்தைத் தொட்டது. ஏழே ஆண்டுகளில், 2020 கோடையில், அதைவிட ஏறத்தாழ 6 அடி உயர்ந்து நின்றது. 2013இல் அகன்ற மணற்பரப்பைப் பார்த்து வீடு வாங்கியவருக்கு 2020இல் வாசற்படியில் அலை. ஆக, கட்டப்படும் சுவர் இந்த இரண்டு நிலையையும் தாங்க வேண்டும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ நகரமே சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் கரையை மரத்தூண்களும் மரச்சட்டங்களும் நட்டு, உள்ளே கல் நிரப்பி, மேலே சுண்ணாம்புக்கல் பாளங்களைப் படிபோல் அடுக்கிக் காத்தார்கள். மரம் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் வரை உளுத்துப் போவதில்லை. காற்றுப் படாத இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை. 1964இல் ஏரி மிகவும் தாழ்ந்ததுபோன்ற காலங்களில்தான் ஆபத்து. தூண்களின் தலை வெளியே தெரிந்தது, காற்றுப் பட்டது, உளுத்தது. மேலே இருந்த பாளங்கள் சாய்ந்தன. வெள்ளத்தில் அல்ல, வறட்சியில் தொடங்கிய சேதம் இது. 1990களிலிருந்து பெரும்பகுதியை எஃகுத் தகட்டாலும் கான்கிரீட்டாலும் மாற்றிக் கட்டினார்கள். ப்ரொமன்டரி பாயின்ட் என்ற பூங்காப் பகுதியில் மட்டும் மக்கள் விடவில்லை. உட்காரவும் நீந்தவும் பழகிய சுண்ணாம்புக்கல் படிகள்தான் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2023இல் நகராட்சி அவ்விடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எஃகுத் தகடு என்பது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விளிம்புடைய நீண்ட தகடுகள். அதிர்வுச் சம்மட்டியால் மண்ணுக்குள் ஆழமாக இறக்குவார்கள். உயரமான சுவரானால் பின்னால் புதைத்த கான்கிரீட் கட்டையோடு கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள். உப்பில்லாத நீரில் இதற்குக் கடலைவிட ஆயுள் அதிகம். துரு முதலில் பிடிப்பது நீரும் காற்றும் மாறிமாறிப் படும் பட்டையில்தான். வினைல் துருப்பிடிக்காது, உளுக்காது, விலையும் எஃகைவிடக் குறைவு. ஆனால் வளையும். சிறிய உள்நாட்டு ஏரியில், தாழ்வான சுவருக்கு அது போதும். கூழாங்கல் மண்ணில் இறங்க மறுக்கும். குளிர்காலப் பனிக்கட்டி நெருக்கும் இடத்தில் அதை நம்ப முடியாது. கான்கிரீட் கனமானது, திடமானது. ஆனால் வெடிப்புக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து, வெடிப்பைப் பெரிதாக்கும். கம்பிவலைக் கூடையில் கல் நிரப்புவதையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பனிக்கட்டி உரசிக் கம்பி அறுந்தால் கற்கள் போன வழி தெரியாது.

எந்தப் பொருளானாலும் நேர்ச்சுவர்களுக்கெல்லாம் பொதுவான நோய் ஒன்று உண்டு. அவை பெரும்பாலும் முகத்தில் உடைவதில்லை. மோதிய அலை திரும்பிக் கீழே பாய்ந்து அடிமண்ணைத் தோண்டுகிறது. ஒரு நாள் பாதம் வெளியே தெரிகிறது. அல்லது மழைநீர் பின்புறம் தேங்கி, வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளுகிறது. விலைப்பட்டியலில் பொருளின் பெயர் பெரிதாக இருக்கும். பாதம் எவ்வளவு ஆழம், நீர் கசிய எத்தனை துளை என்பது இருக்காது. கேட்டு எழுதி வாங்க வேண்டியது அதுதான்.

பெரிய ஏரியின் திறந்த கரைக்கு நம் விருப்பம் பாறைக்கல் சரிவுதான். ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு நீளமாவது சரிவு வேண்டும். அலை அதன்மேல் ஏறி, இடுக்குகளில் புகுந்து, வேகம் குறைந்து திரும்புகிறது. ஒரு கல் நகர்ந்தால் பக்கத்துக் கல் அமர்ந்துகொள்ளும், மொத்தமாகச் சரிவதில்லை. கல் உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்க வேண்டும். அடியில் வடிகட்டித் துணியோ சிறுகல் அடுக்கோ இல்லாவிட்டால், மண் இடுக்கு வழியே கசிந்து போய்க் கற்கள் புதைந்துவிடும். கல்லின் எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1950களில் ராபர்ட் ஹட்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த சூத்திரப்படி, தேவையான கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். அதாவது அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். 3 அடி அலைக்குப் போட்ட கல் 6 அடி அலையில் உருளும். மலிவாகக் கிடைக்கிறதென்று இடித்த கட்டடத்தின் கான்கிரீட் துண்டுகளைக் கொட்டுவது வேண்டாம். தட்டையானது வழுக்கும், நீட்டிய கம்பி காலைக் கிழிக்கும்.

சிறிய, அமைதியான ஏரியானால் சுவரே தேவைப்படாமலும் போகலாம். நம் ஊர்த் தேங்காய் நாரில் செய்வது போன்ற உருளைகளைக் கரையோரம் பதித்து, அதில் நீர்த்தாவரங்களை நடுகிறார்கள். சில ஆண்டுகளில் நார் மக்கும். அதற்குள் வேர் மண்ணைப் பிடித்திருக்கும்.

இனி அண்டை வீட்டாரின் ஹக். இது இங்கே பேச்சுக்காகச் சொல்வதல்ல. கரை மேடு சரிந்து விழும் மண்தான் அலையோடு நகர்ந்து அடுத்தவரின் மணற்கரையாகிறது. நம் சுவர் அந்த மண்ணை நிறுத்திவிடுகிறது. சுவரின் இரு முனைகளிலும் அலை திரும்பி, பக்கத்து நிலத்தைக் கூடுதலாகக் குடைகிறது. அவரும் சுவர் கட்டுகிறார், பிறகு அவருக்கு அடுத்தவர். கடைசியில் வரிசையாகச் சுவர் இருக்கும். முன்னால் மணல் இருக்காது. மிஷிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2005இல், வழக்கமான உயர்நீர்க் குறிக்குக் கீழே உள்ள கரையில் பொதுமக்கள் நடந்துசெல்லலாம் என்று தீர்ப்பளித்தது. சுவர்கள் மணலைத் தின்றுவிட்டால் அந்த உரிமை காகிதத்தில் மட்டும் நிற்கும்.

சகோதரருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான். மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடமும் ராணுவப் பொறியாளர் படையிடமும் அனுமதி பற்றிக் கேட்காமல் ஒரு கல்லும் இறக்க வேண்டாம். எந்த ஆண்டின் நீர்மட்டத்தைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று நான்கு ஒப்பந்தக்காரர்களிடமும் கேளுங்கள். 2013, 2020 இரண்டையும் சொல்லாதவரை விட்டுவிடுங்கள். இரு பக்கத்து வீட்டாரையும் அழைத்து, மூன்று மனைக்கும் சேர்த்து ஒரே கல் சரிவு போட முடியுமா என்று பேசுங்கள். மனைக்குப் பின்புறம் இடமிருந்தால், வீட்டையே தூக்கிப் பின்னுக்கு நகர்த்த எவ்வளவு ஆகும் என்றும் ஒரு விலை வாங்குங்கள். அந்தக் கரையில் அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.