கூட்டுப் படத்தொகுப்பில் கோப்பு மேலாண்மை

ஒரே திரைப்படத்தையோ தொடரையோ பலர் ஒரே காலத்தில் தொகுக்கும்போது, தொகுப்புக் குறிப்புகளையும் அவை சுட்டும் காட்சி, ஒலிக் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திக் காக்கும் பணி. எந்தக் காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பே ‘புராஜெக்ட்’. அது சில மெகாபைட்டில் அடங்கிவிடும். படமும் ஒலியுமான ‘மீடியா’ டெராபைட் கணக்கில் வளரும். கோப்பின் பெயர், ரீலின் பெயர், டைம்கோடு (ஃபிரேம்களின் நேரக் குறியீடு) ஆகிய மூன்றும் இவ்விரண்டையும் பிணைக்கின்றன. பிணைப்பு அறுந்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற அறிவிப்புதான் தெரியும். தமிழ்த் திரையுலகில் இப்பணி உதவித் தொகுப்பாளருடையது. அதற்கு உரிய மதிப்பு ஒருபோதும் கிடைத்ததில்லை.

பிலிம் காலம்

1990களின் நடுப்பகுதி வரை கோடம்பாக்கத்தில் பெரும்பாலும் பிலிமை வெட்டி ஒட்டியே தொகுத்தார்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. படமாக்கப்பட்டதோ இதைப்போல் பல மடங்கு. கேமராவில் ஓடிய நெகட்டிவைக் கழுவி லேபிலேயே பத்திரப்படுத்திவிடுவார்கள். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்ட் மட்டும் தொகுப்பறைக்கு வரும். நெகட்டிவின் விளிம்பில் அடிக்கு ஓர் எண் பதிந்திருக்கும்; எட்ஜ் நம்பர் எனப்படும் அது பிரிண்டிலும் ஏறும். தொகுப்பாளர் மூவியோலா அல்லது ஸ்டீன்பெக் இயந்திரத்தில் பிரிண்டை ஓட்டிப் பார்த்து வெட்டி ஒட்டுவார். முடிவான பிறகு அந்த எண்களை வரிசையாகப் பார்த்து லேபில் நெகட்டிவை வெட்டுவார்கள். அதில் பிழை நேர்ந்தால் மீட்பே இல்லை. எளிய நகலில் வேலை செய்து மூலத்தைக் கடைசியில் தொடும் இந்த முறையே இன்று ‘புராக்ஸி’ என்ற பெயரில் புதுமைபோல் பேசப்படுகிறது.

கிளாப் ஓசையை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்துவது, ஏற்ற (ஓ.கே.), தள்ளிய (என்.ஜி.) டேக்குகளைப் பிரிப்பது, ஒவ்வொரு சுருளிலும் காட்சி எண் எழுதுவது, வெட்டி எஞ்சிய துண்டுகளைத் துணி விரித்த தொட்டியில் தொங்கவிடுவது எல்லாம் உதவியாளர் வேலை. இயக்குநர் கேட்ட நொடியில் அரை அடித் துண்டை எடுத்து நீட்டத் தெரிந்தவரே நல்ல உதவியாளர். அந்தப் பட்டியல் பாதி நோட்டில் இருந்தது, பாதி அவர் தலையில் இருந்தது. பகிர்ந்துகொள்வதில் அன்று சிக்கல் எழவில்லை. ரீல் ஒருவர் மேசையில் இருந்தால் இன்னொருவர் அதைத் தொட முடியாது. பொருளே பூட்டாக இருந்தது.

தொகுப்பறை இயக்குநர்களின் பள்ளியாகவும் விளங்கிற்று. ‘பராசக்தி’யை (1952) இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு தொகுப்பாளர். அவர்களிடம் உதவித் தொகுப்பாளராக இருந்தவர் அ. பீம்சிங். பீம்சிங்கின் மகன் பி. லெனின், வி. டி. விஜயனுடன் சேர்ந்து ‘நாயகன்’ (1987) உள்ளிட்ட பல படங்களைத் தொகுத்தார். ‘காதலன்’ (1994) இருவருக்கும் தேசிய விருது பெற்றுத் தந்தது. கூட்டுத் தொகுப்புக்குத் தமிழில் இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

கணினிக்கு மாற்றம்

அமெரிக்காவின் ஆவிட் நிறுவனம் 1989இல் கணினித் தொகுப்புக் கருவியை வெளியிட்டது. 1994 பொங்கலுக்கு வெளியான ‘மகாநதி’ ஆவிட் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம். பிலிமில் ஒன்றே ஒன்றாக இருந்த ரஷ் பிரிண்ட் கணினியில் எத்தனை நகலாகவும் ஆகலாம் என்பதால், யாருடைய திருத்தம் செல்லும் என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது. ஆவிட் அதைப் பூட்டால் தீர்த்தது. புராஜெக்ட்டுக்குள் காட்சிகளை ‘பின்’ எனும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கலாம். பொதுச் சேமிப்பகத்தில் உள்ள ஒரு பின்னை முதலில் திறப்பவருக்கே திருத்தும் உரிமை உண்டு. அடுத்து வருபவருக்குச் சிவப்புப் பூட்டு தெரியும், பார்க்கலாம், மாற்ற முடியாது. மீடியாவை ஒவ்வொரு கணினியும் தன் பெயரிட்ட உள்ளடைவிலேயே எழுதும். அந்த அடைவிலுள்ள கோப்புகளுக்கு யாரும் கைபட மறுபெயர் இடக்கூடாது, இடம் மாற்றவும் கூடாது. பிற்பாடு வந்த டாவின்சி ரிசால்வும் அடோபி பிரீமியரும் இதே பூட்டு முறைக்குத்தான் வந்து சேர்ந்தன.

கோப்புகள் பெருகிப் பல நகரங்களுக்குப் பரவியதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 2011 ஜனவரி 18 அன்று ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படப்பிடிப்பு தொடங்கியது. முப்பரிமாணப் படமாதலால் இடக்கண்ணுக்கு ஒரு கேமரா, வலக்கண்ணுக்கு ஒரு கேமரா. ஷாட்டுக்கு இரண்டு கோப்பு. ஒன்று தொலைந்தால் மற்றதால் பயனில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸ் பணியில் பெரும்பகுதியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் லாஸ் ஏஞ்சலஸிலும் மும்பை, ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களிலும் இருந்து ஒரே கோப்புகளின் மீது உழைத்தார்கள். அந்த வேலைக்கு 2013இல் ஆஸ்கர் கிடைத்தது. விருது கிடைத்த அதே மாதம் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இன்றைய நிலை

ஃபுல் எச்.டி.யில் புரோரெஸ் 422 எச்.கியூ. வடிவம் மணிக்கு ஏறத்தாழ 79 ஜிபி பிடிக்கும், டி.என்.எக்ஸ்.எச்.டி. 36 வடிவில் அதே ஒரு மணி நேரம் 16 ஜிபியில் முடியும். தொகுப்பை இந்தச் சிறிய நகலில் செய்துவிட்டு நிறச்சீரமைப்புக்கு மூலத்தோடு மீண்டும் பிணைப்பது வழக்கம். பெரிய நிறுவனங்கள் பொதுச் சேமிப்பகத்தையும் இணையவழிச் சேவைகளையும் பயன்படுத்துகின்றன. சிற்றூர்களின் கல்யாண வீடியோத் தொழிலில் ஹார்ட் டிஸ்க்கே கைமாறுகிறது. அதற்கு இரண்டாவது நகல் எடுத்துவைப்பவர்கள் குறைவு.