மாணவி கையில் கொடுத்த கடிதம்: தீவிரவாதத் தடுப்பில் பள்ளியும் பெற்றோரும்

2015 பிப்ரவரியில் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதிப் பள்ளி மாணவியர் மூவர் துருக்கி வழியாகச் சிரியா சென்று ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தனர். அவர்களின் பள்ளித் தோழி ஒருத்தி 2014 டிசம்பரிலேயே அங்கே போயிருந்தாள். அதுபற்றி மூவரிடமும் வாக்குமூலம் வாங்கப் பெற்றோரின் ஒப்புதல் கேட்டுக் காவல்துறை கடிதம் தயாரித்தது; ஆனால் அதை மாணவியர் கையிலேயே கொடுத்தனுப்பியது. கடிதங்களைப் பிள்ளைகள் ஒளித்துவைத்தார்கள். அவர்கள் போன பிறகே அவை பெற்றோர் கண்ணில் பட்டன. தோழி சிரியா போனதே தங்களுக்குத் தெரியாது என்று குடும்பங்கள் கூறின. பெருநகரக் காவல் ஆணையர் நாடாளுமன்றக் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். இணையம் பிள்ளைகளைக் கெடுத்த கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இணையத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் காவல்துறை அறிந்திருந்த செய்தி, அதை வைத்து உடனே ஏதாவது செய்திருக்கக்கூடிய பெற்றோருக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளி பிள்ளையைப் பகலில் சில மணி நேரம் பார்க்கிறது. பழைய நண்பர்களை உதறுவதும், நள்ளிரவு தாண்டியும் கைபேசியோடு கிடப்பதும், யாரோ எழுதிக்கொடுத்ததுபோலத் திடீரெனப் பேசுவதும் வீட்டாருக்கே முதலில் தெரியும். தடுப்பின் முதல் படி, பள்ளி பெற்றோருடன் நேரே பேசுவதுதான். காவல்துறைக்குத் தெரிவிப்பது அதற்குப் பிந்தியது.

பிரிட்டன் இந்த வரிசையை மாற்றிப்போட்டது. அம்மூவரும் கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் பயங்கரவாத எதிர்ப்பு, பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. பயங்கரவாதத்தின் பக்கம் மாணவர் இழுக்கப்படாமல் தடுப்பதை 2015 ஜூலை முதல் பள்ளிகளின் சட்டக் கடமையாக அது ஆக்கியது. 2016 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் தீவிரவாதத் தடுப்புக்கான அரசின் ‘பிரிவென்ட்’ திட்டத்துக்கு 7,631 பேரைப் பற்றிய தகவல்கள் வந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு கல்வித்துறையிலிருந்து வந்தவை. மேல்நடவடிக்கை தேவையில்லை என விடப்பட்டவர்கள் 36 சதவீதம். ‘சேனல்’ என்னும் சிறப்பு உதவி பெற்றவர்கள் 381 பேர், அதாவது 5 சதவீதம். சல்லடையில் பெரும்பகுதி விழுந்துவிடுவது இயல்பு என்பார்கள், ஓரளவு சரியே. ஆனால் இங்கே சலிக்கப்படுபவர்கள் பிள்ளைகள். வகுப்பில் கேட்ட கேள்வி காவல்துறை வரை போகலாம் என்று தெரிந்த மாணவன் அதை வேறிடத்தில் கேட்பான். அங்கே பதில் சொல்ல ஆள் காத்திருக்கிறது. பயங்கரவாதம் உட்பட நெருடலான விஷயங்களை விவாதிக்கப் பள்ளி பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. பள்ளி ஆய்வாளர் எப்போது வருவாரோ என்றிருக்கும் ஆசிரியருக்கு, விவாதத்தைத் திறப்பதைவிடப் படிவத்தை நிரப்புவது எளிது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு இங்கிலாந்தின் சவுத்போர்ட். 2024 ஜூலையில் அங்கே மூன்று சிறுமியரைக் கொன்ற 17 வயதுப் பையனைப் பற்றி 2019-க்கும் 2021-க்கும் இடையில் ‘பிரிவென்ட்’ திட்டத்துக்கு மூன்று முறை தகவல் கொடுக்கப்பட்டிருந்தது. திட்டவட்டமான கொள்கைப் பிடிப்பு தெரியவில்லை என்பதால் மூன்று முறையும் கோப்பு மூடப்பட்டது. கண்காணிப்பை இறுக்க வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் தகவல் சொல்லும் கடமை இங்கே தவறவில்லை. தகவலுக்குப் பின் அந்தப் பையனை விடாமல் கவனிக்கும் பொறுப்பை யாரும் ஏற்காததுதான் தவறு. எந்தக் கொள்கை என்று தேடியவர்களுக்கு வன்முறை மோகம் கண்ணில் படவில்லை. தகவல்களின் எண்ணிக்கையை இன்னும் கூட்டுவது இந்தக் குறைக்கு மருந்தாகாது.

பெற்றோரே பிள்ளையைத் தீவிரவாதத்தின் பக்கம் தள்ளினால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. 2015-இல் சிரியாவுக்குக் கொண்டுபோகப்படக்கூடும் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளை இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. நீதிபதி முன் சான்று வைத்துத் தனித்தனியே முடிவான வழக்குகள் அவை. மற்றக் குடும்பங்களைப் பொறுத்தவரை டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்து ஏற்பாடு கவனிக்கத்தக்கது. காவல்துறையும் நகராட்சியும் சேர்ந்து நடத்தும் தகவல் மையத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் அணுகலாம். இளைஞனுக்கு ஒரு வழிகாட்டி அமர்த்தப்படுகிறார். பெற்றோருக்குத் தனிக் குழு உண்டு. 2013-இல் அந்நகரிலிருந்து சிரியா போனவர்கள் ஏறக்குறைய 30 பேர். அடுத்த ஆண்டு ஓரிருவரே. இந்தச் சரிவு முழுவதையும் அத்திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. போரின் போக்கும் அதற்குள் மாறியிருந்தது. ஆனாலும் மகனைப் பற்றிப் பேசினால் வீட்டுக்கு வரப்போவது வழக்கா, வழிகாட்டியா என்பது அந்நகரத் தாய்க்கு முன்கூட்டியே தெரியும்.