சிறு மீன்படகில் உயிர்மீன் அறையின் ஸ்தானம்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையில், கடலைவிட மலைக்கே அண்மையதாகக் கிடக்கும் பனச்சமூட்டுச் சந்தைக்குத் தெற்குக் கரையூர்களிலிருந்து வந்து சேரும் கடல்மீன், ஐஸிட்டதாயினும் உப்பிட்டதாயினும், உயிரற்றதாகவே வருகின்றது என்பதை இங்குள்ள எவரும் ஒரு விசேஷமாகக் கருதுவதில்லை. ஆனால் பூவார்க் கரைக்கு நேர் மேற்கே, ஏறத்தாழ அதே அட்சரேகையில், 400 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் மினிக்காய்த் தீவிலோ, படகின் நடுவயிற்றில் கடல்நீரைத் தேக்கி, அந்நீரில் சிறுமீனை உயிரோடு சுமந்து சென்று, அதனை இரையாக வீசிச் சூரை பிடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. கடலும் ஒன்று, பருவக்காற்றும் ஒன்று, சூரையும் ஒன்று. அங்ஙனமிருந்தும் ஒரு கரையில் உயிர்மீன் அறை படகின் தலையாய உறுப்பாயிற்று, மறு கரையில் அது வேரூன்றவில்லை. இவ்வறை படகின் எப்பகுதியில் அமைதல் வேண்டும் என்பது பார்வைக்குத் தச்சனுடைய கணக்காகத் தோன்றினும், அறைக்குள் நீர் எவ்வழி புகுகிறது, தூண்டிற்காரர் எங்கே நிற்கின்றனர், படகு எத்தகைய கரையில் ஏறுகிறது என்பவற்றோடு பிணைந்தே அதன் ஸ்தானம் காலந்தோறும் தீர்மானிக்கப்பட்டு வந்தது என்பதே என் அபிப்பிராயம்.

இதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் மிகத் தெளிவானது ரோமாபுரியின் துறைமுகத்தைச் சேர்ந்தது. பியுமிசினோ விமான நிலையத்தின் நிர்மாணத்தையொட்டி 1958ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழ்வில், கிளாடியஸ் சக்கரவர்த்தி அமைத்த துறைமுகத்தின் படிவுகளிலிருந்து ஐந்து மீட்டர் அளவினதான ஒரு மீன்படகு வெளிப்பட்டது; அதன் சரிமத்தியில் ஒரு பலகை அறையும், அவ்வறையின் அடியில் துளைகளும், அத்துளைகளை அடைப்பதற்கான முளைகளும் இருந்தன. ஒல்லாந்தர் உள்கடலில் ஓட்டிய நீரறைப் படகுகளிலும், 1712இல் இங்கிலாந்தின் ஹார்விச் துறையில் கட்டத் தொடங்கிய காட்மீன் பாய்ப்படகுகளிலும் இரு குறுக்குத் தடுப்புகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதியே அறையாயிற்று. இவர்களைப் பார்த்துக் கற்றிருக்க நியாயமில்லாத மினிக்காய்த் தச்சரும் அதே இடத்தைத் தேர்ந்தனரென்றால், அதற்குப் பொருளின் இயல்பிலேயே காரணம் இருத்தல் வேண்டும்.

அக்காரணத்தைச் சற்று விரித்துரைப்பது அவசியம். அடியில் துளையிட்ட அறைக்குள் நிற்கும் நீர் படகு சுமக்கும் பாரமன்று. அது கடலின் ஒரு பகுதியே. படகு இழப்பது அவ்வறையின் அளவுக்குரிய மிதப்பாற்றலை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் நீராழமும் கொண்ட அறையாயின், அரை டன்னுக்குச் சற்று மிகுதியான மிதப்பு குறைந்துபோகிறது. அக்குறைவு நடுவில் நேர்ந்தால் படகு முன்னும் பின்னும் சமமாகத் தாழும். அணியத்தில் நேர்ந்தால் முகம் கவிழ்ந்து அலையைக் குத்தும். பின்தலையில் நேர்ந்தால் சுக்கானும் ஆட்களும் இருக்கும் பகுதியே நீருக்குள் அமிழும். மேலும், படகு அலையில் முன்பின்னாக ஊசலாடும்பொழுது முனைகள் பெரிதும் ஏறி இறங்க, நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசைகின்றது. முனையில் அமைந்த அறையில் மீன்கள் பலகையில் மோதிச் செதிளுதிர்ந்து மாளும். அடிப்பலகை மேல்நோக்கி வளைந்து செல்லும் அவ்விடத்தில் துளைகளே சில வேளை நீர்மட்டத்துக்கு மேல் வந்து, அறை வடிந்துபோகவும் கூடும்.

பக்கவாட்டு ஆட்டத்தின் கணக்கு வேறு. ஆடும் நீர்ப்பரப்பு படகின் நிலைப்பைக் கெடுக்கும் அளவு அப்பரப்பின் அகலத்தினுடைய கன மடங்கைப் பொறுத்தது. அகலத்தைப் பாதியாக்கினால் கேடு எட்டில் ஒன்றாகக் குறையும். துளையற்ற தொட்டியின் நடுவே நெடுக ஒரு தடுப்பு வைத்தால், இரு பாதிகளின் கேடும் சேர்ந்து முன்னையதில் நாலில் ஒன்றே ஆகும் என்பது கப்பற் சாஸ்திரம் கற்போர் தொடக்கத்திலேயே அறியும் செய்தி. ஆனால் கடலோடு தாராளமாகத் தொடர்புடைய துளை அறைக்கு அந்தத் தடுப்பினால் அத்தகைய பிரயோஜனம் இல்லை; இரு பாதியும் தனித்தனியே கடலோடு சேர்ந்திருப்பதால் இழந்த மிதப்புப் பரப்பு இழந்ததாகவே நிற்கும். அங்கே செய்யத்தக்கது அறையை ஏராவின் மேலே குறுகலாக அமைத்து, இரு விலாக்களிலும் உலர்ந்த அறைகளை விட்டுவைப்பதே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் இரண்டையும் ஒன்றெனக் கருதி யோசனை கூறுவோர் பலர்.

மினிக்காயின் ‘மாஸ் ஓடி’ப் படகுகளுக்கு வருவோம். 1343ஆம் ஆண்டளவில் மாலத்தீவுகளில் தங்கிய இப்னு பதூதா, அங்கே மீனை நாலாக அரிந்து, வேகவைத்து, புகையூட்டி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பியதைக் குறித்திருக்கிறார். நாம் மாசிக் கருவாடு என்று வாங்குவது அப்பண்டத்தின் மரபே. மாலத்தீவினரோடு மொழியாலும் தொழிலாலும் உறவுடைய மினிக்காய் மக்கள் காயலின் பவளப் பாறைகளிடையே வலைவிரித்துச் சிறுமீன்களைப் பிடித்து, நடு அறையில் விட்டு, வெளிக்கடலுக்குச் செல்வர். அறையின் நீர்மட்டமும் கடல்மட்டமும் ஒன்றாயிருக்கும்வரை நீர் போதிய அளவு மாறாது. ஆகவே ஆட்கள் அறைநீரை ஓயாது இறைப்பர். இறைக்க இறைக்கப் புதுநீர் துளைவழியே ஏறும். சூரைக்கூட்டத்தைக் கண்டதும் ஒருவர் இரையை வாரி வீச, சிலர் நீரைத் தெளித்துக் கடற்பரப்பைக் கலக்க, அகன்ற பின்தலைத் தட்டில் நிற்கும் தூண்டிற்காரர் எதிர்முள் இல்லாத தூண்டிலால் மீனைச் சுழற்றிப் படகுக்குள் எறிவர். மனிதர் பின்தலையில் திரண்டு நிற்பதனால் அங்கே அறைக்கு இடமில்லை. ஆயினும் வீசுபவன் கைக்கு இரை எட்ட வேண்டுமாகையால் வெகுதூரம் முன்னே தள்ளவும் ஒண்ணாது. மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த எஸ். ஜோன்ஸ் இத்தொழிலை நேரிற் கண்டு 1958இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். 1960களில் அங்கே இயந்திரப் படகுகள் புகுந்தன. 1969இல் சூரையை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையும் வந்தது.

இயந்திரத்தோடு வந்த நீரிறைக்கும் பம்புதான் பழைய நியதியைத் தளர்த்தியது. கலிபோர்னியச் சூரைக் கப்பல்கள் பம்பினால் நீர் சுழலும் தொட்டிகளைப் பின்தளத்தின் மேலேயே வைத்துக்கொண்டன, தூண்டிற்காரரும் பின்புறத் தட்டிகளில் நின்றனராகையால். அணியத்தில் நின்று தூண்டில் போடும் ஜப்பானியர் தளத்தின்கீழ்த் துளை அறைகளையே நெடுங்காலம் போற்றினர். பெரிய கப்பலுக்கு இந்தச் சுதந்திரம் தகும். சிறுபடகில் பம்பு இட்டு நிரப்பிய தொட்டி இழந்த மிதப்பாக அன்றி மெய்யான பாரமாகவே நிற்கும்: 500 லிட்டர் கடல்நீர் 512 கிலோ, அதாவது ஏழெட்டு ஆட்களின் நிறை, அதுவும் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே.

இனி நம் கரை. மீனை உயிரோடு வைத்திருக்க உலகில் இரு தேவைகளே இருந்தன: தொலைவிலுள்ள நகரத்துக்குப் புதுமீன் கொண்டுபோவது, அல்லது இரை சுமப்பது. பொழியூரிலும் நீரோடியிலும் காலையிற் கரையேறிய மீன் தலைச்சுமையாகப் பக்கத்து ஊர்களுக்குப் போயிற்று, எஞ்சியது கருவாடாயிற்று. இரைமீனை அடைத்துவைத்துத் தரும் பவளக் காயலும் இங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பூவாரிலிருந்து குமரி வரையிலான திறந்த மணற்கரையில், அலையுடைப்பைக் கடந்து மணலில் ஏற வேண்டிய கலத்துக்குக் கட்டுமரமே உகந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளை ஆராய்ந்தபொழுது விரித்துரைத்த அக்கட்டுமரத்துக்கு நீர் தேக்கும் வயிறே கிடையாது. ஆதலால் இங்கே அறை தோன்றாமைக்கு அறியாமையைக் காரணமாக்குவது பிழை.

1980களின் தொடக்கத்தில் முட்டத்தில், பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளரின் முயற்சியால், பிளைவுட் பலகையில் உள்ளீடற்ற கட்டுமரங்களும் வள்ளங்களும் கட்டப்பெற்ற பின்னரே, அலைக்கரைப் படகு நீர்புகாத மூடறைகளைப் பெற்றது. அதே காலத்தில் அவுட்போர்டு எஞ்சினும் பரவியது. எஞ்சின், எண்ணெய்க் கலம், ஓட்டுபவர் ஆகிய மூன்றும் பின்தலையிலேயே குவிந்துவிட்டமையால், இன்றைய பைபர் வள்ளத்தில் உயிர்மீன் தொட்டி வைக்க எண்ணுபவர் அதனைச் சரிமத்தியிலிருந்து சற்றே முன்தள்ளி, குறுக்கில் ஒடுக்கமாக, அடித்தட்டை ஒட்டி அமைத்தல் தகும். பின்தலையை நாடுவது கலிபோர்னியத்தாரைப் பார்த்துச் செய்யும் போலிச் செயலாகவே முடியும். நீர் எடுக்கும் குழாயின் வாயை மட்டும் எஞ்சின் விசிறியின் குமிழ்கள் எட்டாத முற்பகுதியில், வள்ளம் முகம் தூக்கி ஓடும்பொழுதும் நீரை விட்டு எழாத ஆழத்தில் வைக்க வேண்டும். மணற்கரையில் ஏறும் வள்ளமாயின் அலையுடைப்புக்குப் புறத்தேயே தொட்டியை முற்றாகக் காலிசெய்துவிட வேண்டும், பின்னிருந்து அலை தூக்கும் கணத்தில் பாதி நிறைந்த தொட்டியின் நீர் முழுவதும் அணியத்தை நோக்கிப் பாயுமாதலால்; தேங்காப்பட்டணத் துறைமுகத்தைப் புகலிடமாகக் கொண்ட படகுகளுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.