பரங்கிப்பேட்டை, ஷெஃபீல்டு, சோலிங்கன்: ஒரு சவரக்கத்தியின் வரலாறு

வீவக வீடு மாறும்போதும், வீட்டுப் பெரியவர் ஒருவர் மறைந்தபின் அலமாரியை ஒழுங்கு செய்யும்போதும், சில குடும்பங்களில் ஒரு பழைய மடக்குக் கத்தி கையில் கிடைக்கும். கைப்பிடி மஞ்சளித்திருக்கும். அலகில் துரு ஏறியிருக்கும். அலகின் வால் பகுதியில் ஷெஃபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ ஓர் ஊர்ப்பெயர் பொறித்திருக்கும். முடிதிருத்தும் கடைகளுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரி என்பதால், நம் சங்க உறுப்பினர்கள் சிலர் அதை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, இது எதற்காவது ஆகுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ, "முதன்முதலாக ஒரு சவரக்கத்தி வாங்க வேண்டும், எது நல்லது?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் கத்தியின் வரலாற்றில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பெருமையைச் சரிபார்த்துக்கொள்வோம். "ஷெஃபீல்டு எஃகு என்பதே நம்மூர் இரும்புதான்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் சுவையானது.

இரும்பை மண் மூசையில் அடைத்து உருக்கி எஃகாக்கும் வித்தை தமிழகத்தில் மிகப் பழையது. கொடுமணல் அகழாய்வில் அதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் பச்சிலையும் வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி, பல மணி நேரம் ஊதி எரிப்பார்கள். குச்சியின் கரி இரும்பில் ஏறி அது எஃகாகும். சேலம் வட்டாரத்தில் இந்தத் தொழில் 19ஆம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர் இதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு' என்ற சொல்லின் திரிபு அது என்பது பெரும்பாலோர் கருத்து. நம் 'உருக்கு' அதற்கு உறவுச் சொல்.

ஆனால் ஷெஃபீல்டு தன் எஃகைத் தானே கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி. கடிகாரச் சுருளுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்று 1740களில் ஷெஃபீல்டுக்கு அருகே மூசையில் எஃகை உருக்கிப் பார்த்தார். அவர் பயன்படுத்தியது சுவீடன் இரும்பு. உள்ளூர்க் கத்திக் கொல்லர்களோ, எஃகு மிகக் கடினமாக இருக்கிறது, வேலை செய்ய முடியாது என்று வாங்க மறுத்தார்கள். அவர் பிரான்சுக்கு விற்றார். அந்த எஃகில் செய்த பிரெஞ்சுக் கத்திகள் இங்கிலாந்துச் சந்தைக்குள் வந்து விற்றபோதுதான் ஷெஃபீல்டுக்காரர்கள் மனம் மாறினார்கள். வியாபாரத்தில் இது இன்றும் நடப்பதுதான்.

நம்மூர் உருக்கு அங்கே போனது அதற்குப் பிறகு. 1790களில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு வூட்ஸ் மாதிரிகள் போயின. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அதில் ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். பல ஆண்டு சோதித்தபின், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகே தனக்குப் பிடித்தது என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். பிறகு அவரும், மின்சாரத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து, வூட்ஸின் இரகசியம் என்ன என்று ஆராய்ந்து 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். எஃகில் ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் நன்றாக இருக்கிறது என்பது அவர்கள் கண்ட ஒன்று. பழைய கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதன் வேர் இதுதான். அந்த முத்திரையை மட்டும் பார்த்து அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நெருக்கமான ஊர் அடுத்து வருகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாண அரசு அதிகாரி. வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து, விறகுக்கரியில் உருக்கி, இரும்பை ஷெஃபீல்டுக்குக் கப்பல் ஏற்றினார். மரைக்காயர் கப்பல்கள் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் துணி ஏற்றிப் புறப்பட்ட அதே கடற்கரை அது. ஆலை அவருக்கு லாபம் தரவில்லை. ஆனால் எஃகு உருகும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இங்கிலாந்து இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்பதைக் கண்டு, 1839இல் ஷெஃபீல்டில் காப்புரிமை பெற்றார். எஃகின் விலை கணிசமாகக் குறைந்தது. கொல்லர்கள் அவருக்கு உரிமைப் பணம் தராமலே அந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அவருடைய பணமெல்லாம் வழக்கில் கரைந்தது. ஆகவே ஷெஃபீல்டு கத்தியில் இருப்பது நம்மூர் இரும்பு என்று சொல்வதைவிட, நம்மூர் உலையைப் பார்த்தவர்களின் அறிவும் அதில் கலந்திருக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அக்காலக் கத்தி ஆப்பு வடிவம். முதுகிலிருந்து விளிம்புவரை நேராகச் சரியும், கனமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரம், சிறிய சாணைச் சக்கரங்களால் இரு பக்கமும் குழித்துத் தேய்க்கும் முறையைத் தேர்ச்சியாக்கியது. விளிம்பு பக்கம் காகிதம்போல் மெலிந்தது. நகத்தால் சுண்டினால் கணீரென்று பாடும். தாடியில் ஓடும்போதும் சத்தம் கேட்கும்.

புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது இரண்டுக்கும் இடைப்பட்ட அரைக்குழிவு. முழு ஆப்பைத் தீட்டுவது கடினம். முழுக்குழிவு பழகாத கையில் வளையும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக அளப்பார்கள். எட்டில் ஐந்து அல்லது ஆறு வாங்குங்கள். இணையத்தில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு வரும் பளபளப்பான கத்திகளைத் தொட வேண்டாம். பலவற்றின் எஃகு கூரைத் தாங்காது. கத்தி வடிவத்தில் இருப்பதெல்லாம் கத்தியாகிவிடாது. தீட்டித் தயாராகக் கொடுக்கும் விற்பனையாளரிடமே முதல் கத்தியை வாங்க வேண்டும். எப்படிப்பட்ட கூர் வேண்டும் என்பது அப்போதுதான் உங்கள் கைக்குத் தெரியும்.

வீட்டில் கிடைத்த பழைய கத்தி என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். விளிம்பை ஒட்டித் துரு குழி விழுந்திருந்தால் ஆசையை விட்டுவிடலாம். அலகின் நடுவில் இருக்கும் துரு பரவாயில்லை. விளிம்பில் விரிசல் கூடாது. பிறகு முதுகு. கல்லில் தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொடும், அதனால் கோணம் தானாகவே அமையும். முதுகு ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் கோணம் கெட்டுவிடும். கைப்பிடி தந்தம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், விற்க நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் தந்த விற்பனைக்குத் தடை இருக்கிறது.

நாவிதரின் அடைப்பத்தில், அதாவது அவருடைய தொழிற்பையில், கல்லும் தோல் வாரும் இல்லாமல் கத்தி இருக்காது. பிறந்த பிள்ளைக்கு ஏழாம் நாள் முடி இறக்க வருபவர் முதலில் வாரை எடுத்துப் பதம் பார்ப்பார். அந்தக் காட்சியை மாற்றியவர் கிங் கேம்ப் ஜில்லெட். தீட்டத் தேவையில்லாத, எறிந்துவிடும் பிளேடு அவருடையது. 1903இல் விற்றது 51 ரேசர்தான். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைகளுக்கு 3.5 மில்லியன் ரேசர் வாங்கியது. கத்தியை ஒருமுறையும் பிளேடை ஆயுள் முழுதும் விற்கலாம். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கெட்டிக்கார யோசனை எங்கள் துறையில் வந்ததில்லை. இப்போது கடைகளில் ஒவ்வொருவருக்கும் பிளேடு மாற்றும் கத்திதான் புழங்குகிறது. இரத்தம் வழியாகப் பரவும் நோய்களை நினைத்தால் அதுவே சரி. அதனால் பழைய கத்தியை வைத்திருப்பவர் அதைத் தனக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல் வாரில் முப்பதிலிருந்து ஐம்பது இழுப்பு. முதுகு முன்னே போக, விளிம்பு பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். மாற்றித் திருப்பினால் வாரும் வெட்டுப்படும், கூரும் மழுங்கும். கல் சில மாதத்துக்கு ஒருமுறை போதும். கத்தி முகத்தோடு ஏறத்தாழ முப்பது பாகைக் கோணத்தில் இருக்கட்டும். ஒரு சவரத்துக்குப் பிறகு ஒரு நாளாவது கத்திக்கு ஓய்வு கொடுப்பது பழைய வழக்கம். கிழமைப் பெயர் பொறித்து ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் விற்றதும் அதற்காகத்தான்.

நம் நாட்டுக் காற்றுக்கு இந்த எஃகு ஆகாது. ஐரோப்பாவில் வாரக்கணக்கில் தாங்கும் அலகு இங்கே இரண்டு நாளில் புள்ளி விழும். சவரம் முடிந்ததும் நீரைத் துடைத்து, கைப்பிடி இடுக்கிலும் காகிதத்தை விட்டு உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுக்கும். குளியலறையிலோ தோல் உறையிலோ வைக்காதீர்கள். கைப்பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து, கற்பூரம்போல மணத்து, நொறுங்கத் தொடங்கினால் உடனே அலகிலிருந்து கழற்றிவிடுங்கள். அது சிதையும்போது வரும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.