அயல்நாடு சென்ற ஆசிரியர்களும் நம் சமுதாயமும்

கடல் கடந்து சென்றவர் என்றவுடன் தோட்டத் தொழிலாளரும் வணிகருமே நம் நினைவுக்கு வருகின்றனர். பட்டமும் பயிற்சியும் பெற்று, பிற நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரிசையில் நம் சமுதாயத்தவர் மிகச் சிலராகவே இருந்தமைக்கும் ஒரு வரலாறு உண்டு. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்களும், என்னைப் போல் ஐம்பதைக் கடந்த ஆசிரியர்களும் இவ்விரண்டையும் சேர்த்தே அறிதல் நலம்.

முதலில் எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்வோம். 1936 முதல் 1941 வரை அந்நாடு இத்தாலியின் பிடியில் இருந்தது. 1937 பிப்ரவரியில் தலைநகர் அடிஸ் அபாபாவில் நிகழ்ந்த படுகொலையிலும், அதனைத் தொடர்ந்த அடக்குமுறையிலும் படித்த இளைஞர் பலர் மாண்டனர். 1941இல் நாடு திரும்பிய பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளைப் பெருக்க முற்பட்டபோது கற்பிக்க ஆளில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்தது. ஆகவே கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கவல்ல இந்தியப் பட்டதாரி ஆசிரியர்கள் அழைக்கப்பட்டனர். கேரளத்திலிருந்து சென்றோர் மிகுதி, தமிழரும் சென்றனர். தலைநகரில் மட்டுமன்றித் தொலைவிலிருந்த மாகாண ஊர்களிலும் அவர்கள் பணியாற்றினர்.

பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. 1957இல் கானாவும், 1960இல் நைஜீரியாவும், 1964இல் சாம்பியாவும் தன்னாட்சி எய்தின. விடுதலை பெற்ற நாளில் சாம்பியாவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தோர் ஏறத்தாழ நூறு பேரே என்பர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததால் செல்வம் பெருகிய நைஜீரியா, 1976இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. கல்வி விரிய விரிய ஆசிரியர் தேவையும் வளர்ந்தது. பல்லாண்டு வகுப்பறையில் நின்ற அனுபவம் அங்கே பெருந்தகுதியாக மதிக்கப்பட்டது.

அவ்வாறாயின் அக்கதவுகள் திறந்திருந்த காலத்தில் நம்மவர் எங்கே இருந்தனர்? தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை அன்றைய இந்திய அரசு 1944இல்தான் தொடங்கியது. அவ்வுதவியால் கல்லூரிக்குள் நுழைந்த முதல் தலைமுறையினர் பட்டம் பெற்று, அக்காலத்துப் பி.டி. பயிற்சியும் முடித்துப் பணியில் அமர்ந்தபோது 1950களே வந்துவிட்டன. அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் மனிதர் அவரே. தம்பியின் படிப்பும், தங்கையின் திருமணமும், அடமானத்திலிருந்த மனையும் அச்சம்பளத்தை எதிர்நோக்கி நின்றன. அப்படிப்பட்டவர் அரசு வேலையை விட்டுக் கப்பலேற எவ்வாறு துணிவார்?

மற்றொரு காரணமும் உண்டு. அயல்நாட்டு வேலை பற்றிய செய்தி பெரும்பாலும் உறவின் வழியாகவே பரவியது. முன்னே சென்ற அண்ணன் தம்பிக்கு எழுதுவார். மாமன் மருமகனுக்கு எழுதுவார். எந்த நாட்டில் எப்பாடத்திற்கு ஆள் வேண்டும், விண்ணப்பத்தை எவ்வாறு எழுத வேண்டும் என்பதெல்லாம் அக்கடிதங்களில் இருக்கும். முன்னே சென்றவர் எவருமில்லாத சேரிக்கு அக்கடிதம் எங்கிருந்து வரும்? நிலத்தைப் போலவே செய்தியும் சிலருக்கு மட்டும் பரம்பரைச் சொத்தாக இருந்தது.

இதனால் ஓர் உண்மை விளங்குகிறது. நம் மக்களுக்குப் படிப்பு பிந்தி வந்தது; வேலை பிந்தி வந்தது; குடும்பக் கடமைகள் தீர்ந்து தலை நிமிரும் காலமும் பிந்தியே வருகிறது. பிறர் முப்பதில் எண்ணிப் பார்த்ததை நம்மில் பலர் ஐம்பதில்தான் எண்ணிப் பார்க்க முடிகிறது. ‘இந்த வயதில் உமக்கு ஏன் இந்த ஆசை?’ என்று கேட்போர் இவ்வரலாற்றை மறந்து கேட்கின்றனர்.

இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய அப்பெரியார், நாற்பதையொட்டிய வயதில் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் அரசு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் அறுபதைக் கடந்தவராய்த் தாயகம் திரும்பினார். சென்னைச் சட்டசபையில் அவர் ஆற்றிய தொண்டும், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடியதும் அதன் பின்னரே நிகழ்ந்தன. வயது அவருக்குத் தடையாகவில்லை.

எனினும் வரலாறு எச்சரிக்கையும் தருகிறது. 1974இல் எத்தியோப்பியப் பேரரசர் வீழ்த்தப்பட்டபின் நாடு கொந்தளித்தது. 1980களில் எண்ணெய் விலை சரிந்தபோது நைஜீரியாவில் ஆசிரியர் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 1986இல் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு பெரிதும் வீழ்ந்தது. அயல்நாட்டு ஊதியம் அந்நாட்டின் நல்வாழ்வைச் சார்ந்தது என்பதை மறக்கலாகாது.

இன்றைய நிலைமையையும் சற்று நோக்குவோம். தமிழ்நாட்டு அரசு ஆசிரியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. வேலை அனுமதிக்கு அறுபதையொட்டி வரம்பு வைக்கும் நாடுகள் உள்ளன. ஆகவே ஓய்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர் விண்ணப்பிக்குமுன் அந்நாட்டு விதியை அறிந்துகொள்ளல் வேண்டும். எல்லா நாடும் அவ்வாறில்லை. இங்கிலாந்தில் வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் கற்பிக்கும் தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள் அந்நாட்டின் ஆசிரியர் தகுதிநிலைக்கு விண்ணப்பிக்க 2023இல் வழி திறக்கப்பட்டது.

பணியிலிருப்போர் துறையின் முன் அனுமதியின்றி அடியெடுத்து வைத்தல் கூடாது. பணிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் யாவற்றையும் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்குமாறு திருத்தி வைத்தல் வேண்டும்; முதல் தலைமுறையினர் பலருக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் ஒரு பெயரும் இருக்கும். ஆட்சேர்ப்பு முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டுமென 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. பதிவு எண் காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. ஓய்வூதியப் பணத்தையும் மனைவியின் நகையையும் முகவரிடம் இழந்தபின் வருந்திப் பயனில்லை.

இளைஞர்களே! நீங்கள் எங்களைவிட முந்திப் புறப்படலாம். கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் கற்றுப் பயிற்சிப் பட்டம் பெறுவோர்க்குப் பல நாடுகளில் இடமுண்டு. நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் ஒரு பலகையும் ஒரு பதிவேடும் வைப்போம். அயல்நாட்டில் பணியாற்றும் நம் பிள்ளைகள் எழுதும் விவரங்களை அதில் எழுதி, யாவரும் காணச் செய்வோம். நம் முன்னோருக்கு வராத கடிதத்தை நாமே எழுதத் தொடங்குவோம்.