பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தவர்கள்

சென்ற வாரம் கால்சிடோனில் நிறுத்தியிருந்தோம். 451இல் கூடிய அந்தத் திருச்சங்கம், துறவுமடங்கள் எல்லாம் அந்தந்த ஊர் ஆயருக்குக் கட்டுப்பட்டவை என்று விதி வகுத்துவிட்டுக் கலைந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 511இல், பிராங்கு அரசன் குளோவிஸ் ஓர்லியான் நகரில் கூட்டிய சங்கம் அதை இன்னும் அழுத்திச் சொன்னது. மடாதிபதிகள் ஆயருக்கு அடங்கி நடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர் அழைக்கும் இடத்துக்கு வந்து கூட வேண்டும். அவர்கள் தவறினால் திருத்தும் அதிகாரம் ஆயருடையது.

ஏட்டில் இருந்த சட்டம் இது. ஆனால் அடுத்த முந்நூறு ஆண்டுகளில் நடந்த சங்கங்களின் தீர்மானங்களை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்துப் பாருங்கள். மடாதிபதிகள், குருக்கள், திருத்தொண்டர்கள், எழுத்தர்கள் எனப் பலர் அங்கே இருக்கிறார்கள். முடிவெடுக்கும் உரிமை ஆயர்களுடையதுதான். அந்த முடிவை உருவாக்கிய உழைப்பிலும் வாதத்திலும் இந்தக் கீழ்வரிசைக்குப் பெரும்பங்கு உண்டு. நம் வரலாற்று நூல்கள் அவர்களைப் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் ஸ்பெயினுக்குப் போவோம். 633 டிசம்பர், டொலேடோ நகரம், புனித லெயோகாதியா ஆலயம். மேற்கு கோத்தியர்களின் அரசன் சிசெனாந்து கூட்டிய சங்கம். தலைமை வகித்தவர் செவில் நகரின் பேரறிஞர் இசிதோர். அறுபதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் வந்திருந்தார்கள். ஒரு சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்பதையே இந்தச் சங்கம் தன் நான்காவது விதியாக எழுதிவைத்தது. அன்றைய காட்சி நம் கண்முன் விரிவதற்கு அந்த ஒரு விதி போதும்.

பொழுது விடிவதற்கு முன்பே ஆலயத்திலிருந்து எல்லாரையும் வெளியேற்றிவிட வேண்டும். கதவுகளைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு வாசலில் மட்டும் காவலர்கள் நிற்பார்கள். அந்த வாசல் வழியாக ஆயர்கள் ஒன்றாக நுழைந்து, திருநிலைப்பாட்டு மூப்பின்படி வட்டமாக அமர்வார்கள். அதன் பிறகே குருக்களுக்கு அழைப்பு. அதுவும் உள்ளே வரக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு ஆயர்களின் முதுகுக்குப் பின்னால் இடம். திருத்தொண்டர்களுக்கு இருக்கை கிடையாது. ஆயர்களின் பார்வையில் படும்படி நிற்க வேண்டும். பிறகு, தகுதியுள்ளவர்கள் என்று சங்கம் கருதிய பொதுநிலையினர் வருவார்கள். வாசிக்கவும் குறிப்பெடுக்கவும் எழுத்தர்கள் வருவார்கள். கதவு தாழிடப்படும்.

இனி நடப்பதைக் கவனியுங்கள். நெடுநேர அமைதிக்குப் பிறகு எல்லாரையும் மன்றாடச் சொல்லிக் குரல் கொடுப்பவர் தலைமைத் திருத்தொண்டர். உடனே ஆயர்கள் உட்பட அத்தனை பேரும் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். மூத்த ஆயர் ஒருவர் செபித்து முடித்ததும் எழுந்திருக்கச் சொல்பவரும் அதே திருத்தொண்டர்தான். அடுத்து, வெள்ளை அங்கி உடுத்திய இன்னொரு திருத்தொண்டர் திருச்சபைச் சட்ட நூலை நடுவே கொண்டுவந்து, உரிய விதிகளை வாசிப்பார். வெளியே நிற்கும் ஒரு குருவுக்கோ சாதாரணக் குடிமகனுக்கோ முறையீடு இருந்தால், அவர் நேராக உள்ளே வர முடியாது. பெருநகர ஆலயத்தின் தலைமைத் திருத்தொண்டரிடம் சொல்ல வேண்டும்; அவர் சங்கத்தில் அறிவித்த பிறகே அனுமதி கிடைக்கும். உட்கார இடம் இல்லாத மனிதரின் கையில் கூட்டத்தின் கடிவாளமும், ஏழையின் வழக்கு உள்ளே போகும் வழியும் இருந்தன. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை நாற்காலியை மட்டும் வைத்து அளக்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே டொலேடோவில் எட்டாம் சங்கம் கூடியது. 653இல், அரசன் ரெக்கெஸ்விந்தின் ஆட்சியில். டொலேடோ சங்கங்களைப் பொறுத்தவரை, இங்கேதான் மடாதிபதிகள் ஆயர்களுக்குக் கீழே தங்கள் பெயரிலேயே கையெழுத்திடத் தொடங்குகிறார்கள். அரண்மனைப் பிரபுக்களின் கையெழுத்தும் கூடவே வருகிறது. மடாதிபதிகளின் வரிசையில் நகருக்கு அருகே இருந்த அகாலி மடத்தின் தலைவர் இல்தெபோன்சு இருக்கிறார். 655இல் நடந்த ஒன்பதாம் சங்கத்திலும் அவர் கையெழுத்து உண்டு. 657இல் அவரே டொலேடோவின் பேராயர் ஆனார். கீழ்வரிசையில் நின்று பயின்றவர் மேல்வரிசைக்கு ஏறியதற்கு அவர் நல்ல சான்று.

நாடு தழுவிய சங்கங்களை விட்டுவிட்டு ஒரு சிறு மறைமாவட்டத்தையும் பார்த்துவிடுவோம். இன்றைய பிரான்சின் புர்கோஞ் பகுதியில் இருக்கிறது ஓசேர் நகரம். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஆயராக இருந்த ஔனகாரியுஸ் தம் சொந்த குருக்களைக் கூட்டி 45 விதிகள் இயற்றினார். கையெழுத்திட்டவர்கள் அவரோடு 7 மடாதிபதிகள், 34 குருக்கள், 3 திருத்தொண்டர்கள். மே மாத நடுவில் குருக்கள் எல்லாரும் நகரத்துக்கு வந்து கூட வேண்டும், நவம்பர் முதல் தேதி மடாதிபதிகள் கூட வேண்டும் என்று அவர்கள் நாள் குறித்திருக்கிறார்கள். மற்ற விதிகளில் கிராமத்து மண் ஒட்டியிருக்கிறது. சனவரி முதல் நாளில் மான் வேடம் கட்டி ஆடக்கூடாது. மரத்துக்கும் நீரூற்றுக்கும் நேர்ந்துகொள்ளக் கூடாது. இறந்தவர் வாயில் நற்கருணை வைக்கக் கூடாது. மடாதிபதி கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. ஞானத்தந்தையாகவும் நிற்கக் கூடாது. எந்த ஊரில் எந்த மரத்தடியில் படையல் நடக்கிறது என்பது ஆயரைவிட அந்த 34 குருக்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த விதிகளுக்கு விஷயம் தந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் துணிபு.

இப்போது கடலைத் தாண்டி வட இங்கிலாந்துக்கு. 664, விட்பி. சங்கம் கூடிய இடமே ஒரு துறவுமடம். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்த அந்த மடத்தின் தலைவி ஹில்டா, அரச குலத்தில் பிறந்தவர். அவரிடம் பயின்ற துறவிகளில் ஐந்து பேர் பின்னாளில் ஆயர்கள் ஆனார்கள்.

பிரச்சினை ஈஸ்டர் நாள் பற்றியது. நார்தம்பிரிய அரசன் ஒஸ்வியூ அயர்லாந்துத் துறவிகளிடம் கற்றவன். அவர்களின் கணக்குப்படி ஈஸ்டர் கொண்டாடினான். அரசி யான்ஃபிளாட் தெற்கே கென்ட் நாட்டில் வளர்ந்தவள். ரோமின் கணக்கைப் பின்பற்றினாள். அரசன் நோன்பு முடித்து விருந்தில் அமர்ந்திருக்கும் நாளில், அரசி குருத்தோலை ஞாயிறு என்று நோன்பிருந்த ஆண்டுகள் உண்டு.

அயர்லாந்துத் தரப்பில் பேசியவர் லிண்டிஸ்பார்ன் ஆயர் கோல்மன். ரோமின் தரப்பில் மூத்தவர் ஆயர் அகில்பர்ட். அவரோ கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக்காரர். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவதைவிட, அரசனின் மொழியிலேயே பேசக்கூடிய தம் மாணவர் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த மாணவர் ரிப்பன் மடத்தின் தலைவர் வில்பிரிட். சமீபத்தில்தான் குருவானவர், வயது முப்பதை ஒட்டி இருக்கும். ஓர் ஆயரை எதிர்த்து ஒரு குரு, அரசன் முன்னிலையில் வாதாடினார். கோல்மன் தம் முன்னோரையும் அயோனா மடத்தை நிறுவிய கொலும்பாவையும் சாட்சிக்கு அழைத்தார். உலகம் முழுவதும் ஒரே நாளில் கொண்டாட, கடைக்கோடித் தீவுகளில் உள்ள சிலர் மட்டும் முரண்டுபிடிப்பதா என்று வில்பிரிட் மடக்கினார். விண்ணகத்தின் திறவுகோல் பேதுருவிடம் கொடுக்கப்பட்டதை நினைவூட்டினார். பேதுருவிடம்தான் திறவுகோல் இருக்கிறது என்பதைக் கோல்மனும் ஒப்புக்கொள்ள, வாசல் காப்பவரைப் பகைத்துக்கொள்ள நான் தயாரில்லை என்ற கருத்தில் அரசன் தீர்ப்பளித்துவிட்டான்.

இந்தச் செய்திகளை நமக்கு விரிவாகத் தருபவர் பீட். அவரும் ஆயர் இல்லை. மடத்தில் வளர்ந்து குருவானவர். விட்பியில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது யாக்கோபு என்ற திருத்தொண்டரையும் அவர் மறக்கவில்லை. 633இல் நார்தம்பிரிய அரசன் எட்வின் போரில் மாண்டதும் அங்கிருந்த ஆயர் பவுலினுஸ் தெற்கே போய்விட்டார். தன்னந்தனியாக வடக்கிலேயே தங்கி, மக்களுக்குப் போதித்து, திருமுழுக்குக் கொடுத்து, ரோமானிய முறையில் பாடக் கற்றுக்கொடுத்தவர் இந்த யாக்கோபு. முப்பது ஆண்டுகள் அவர் கட்டிக்காத்த வழக்கம்தான் அன்று விட்பியில் வென்றது. வில்பிரிட்டின் நாவன்மையைப் போற்றுபவர்கள் இந்த மனிதரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோற்றவர்களையும் சொல்லிவிட வேண்டும். ஹில்டா கோல்மன் பக்கமே நின்றார். தீர்ப்பு வந்தபின் ஏற்றுக்கொண்டார். கோல்மன் அயர்லாந்துத் துறவிகளையும் ஏறத்தாழ முப்பது ஆங்கிலேயத் துறவிகளையும் அழைத்துக்கொண்டு அயோனாவுக்குப் புறப்பட்டார். அந்த அயோனாவில் எல்லாமே தலைகீழ். நிறுவனர் கொலும்பா குருவாகவே வாழ்ந்து மறைந்தவர் என்பதால், அங்கே மடாதிபதி சொல்வதை ஆயர்களும் கேட்டு நடந்தார்கள். பீடுக்கே இது வியப்பாக இருந்திருக்கிறது.

பெரிய சங்கங்களிலும் ஆயர் அல்லாதவர்களைப் பார்க்கலாம். கிழக்கே 787இல் நிசேயாவில் இரண்டாம் முறையாகக் கூடிய பொதுச்சங்கத்துக்குத் திருத்தந்தை ஹேட்ரியன் அனுப்பிய பிரதிநிதிகள் இருவர். இருவர் பெயரும் பேதுரு. ஒருவர் ரோமின் தலைமைக் குரு, மற்றவர் ரோமில் இருந்த புனித சாபா மடத்தின் தலைவர். தீர்மானத்தில் இவர்களின் கையெழுத்துக்குப் பிறகே கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை தராசியுஸ் கையெழுத்திட்டார். மேற்கில் 794இல் சார்லமேன் கூட்டிய பிராங்க்பர்ட் சங்கத்தின் கடைசி விதி, அல்குயினைச் சங்கத்தின் தோழமையில் ஏற்றுக்கொள்கிறது. சார்லமேனின் அவையில் அவரை மிஞ்சிய அறிஞர் இல்லை. திருநிலையில் அவர் வெறும் திருத்தொண்டர்.

803 அக்டோபரில் இங்கிலாந்தின் குளோவெஷோ சங்கத்தில் ஒவ்வோர் ஆயருக்குக் கீழும் அவரோடு வந்த மடாதிபதிகள், குருக்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. லிச்ஃபீல்டு குழுவில் ஹிக்பெர்ட் என்றொரு மடாதிபதி. மெர்சிய அரசன் ஆஃபா பிடிவாதமாக உருவாக்கிய லிச்ஃபீல்டு பேராயர் பதவியில் இருந்தவர் பெயரும் ஹிக்பெர்ட்தான். அந்தப் பதவியை ஒழித்ததே இந்தச் சங்கம். இருவரும் ஒருவரே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

813இல் மைன்ஸ் நகரில் சங்கம் மூன்று குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தது. ஆயர்கள் நற்செய்தியையும் திருச்சபைச் சட்டங்களையும் ஆராய்ந்தார்கள். பிரபுக்களும் நீதிபதிகளும் நாட்டுச் சட்டத்தையும் மக்களின் வழக்குகளையும் எடுத்துக்கொண்டார்கள். மடாதிபதிகளும் துறவிகளும் தனியாக அமர்ந்து, புனித பெனடிக்டின் ஒழுங்குநூலைப் படித்து, மடங்களை எப்படிச் சீர்படுத்துவது என்று விவாதித்தார்கள். தங்கள் காரியத்தைத் தாங்களே பேசித் தீர்க்கும் அவை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 817 ஜூலையில், ஆகன் நகரில் மடாதிபதிகளின் சங்கம் வகுத்த விதிகள் பேரரசர் லூயியின் ஆணையோடு பேரரசின் மடங்கள் அனைத்துக்கும் சட்டமாயின.

அந்த விதிகளின் பின்னால் இருந்தவர் இன்னொரு பெனடிக்ட், அனியான் மடத்தவர். கோத்தியப் பிரபுவின் மகன், இயற்பெயர் விட்டிசா. அரசவையில் வளர்ந்து போர்க்களம் கண்டவர், இத்தாலியில் ஆற்றில் சிக்கிய சகோதரனைக் காப்பாற்றப் போய்த் தாமும் மூழ்கப் பார்த்தவர். அவர் எப்படித் துறவியானார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.