பெயரிலிருந்து உதிர்ந்த காய்

கசகசாச் செடியின் காயைக் கீறினால் பால் வடியும். செடிச் சாற்றுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'ஓபோஸ்'. அதிலிருந்து இந்தப் பாலுக்கு 'ஓபியோன்'. அரபியர் நாவில் 'அஃப்யூன்' ஆகி, நம்மிடம் அபின், அபினி என்று வந்து சேர்ந்தது. அபின் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த அச்சம் நல்ல அச்சம்.

காய்க்கும் கிரேக்கத்தில் தனிப்பெயர் உண்டு: 'கோடெயா'. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரோபிக்கே அபினிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அதனால்தான் 'கோடீன்' ஆயிற்று. ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் என்ற வலி மருந்துகளின் வாலில் ஒட்டியிருப்பதும் அதே காய்தான்.

1996இல் அமெரிக்காவின் பர்டியூ பார்மா, ஆக்ஸிகோடோனைச் சிறுகச் சிறுக உடலில் கலக்கும் மாத்திரையாக்கி 'ஆக்ஸிகாண்டின்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 'கோடோன்' போய், தொடர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் துண்டான 'காண்டின்' வந்தது. அபினின் சுவடே இல்லாத பெயர். அடிமைப்படுத்தும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லியே விற்றார்கள். அது பொய்ப் பிரசாரம் என்று 2007இல் அதனோடு இணைந்த ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பல ஊர்கள் சீரழிந்திருந்தன.

முதலில் அடிபட்டவற்றுள் சுரங்க ஊர்களும் உண்டு. நிலக்கரி வெட்டி முதுகு ஒடிந்தவர்களுக்கு வலி பொய்யல்ல. மாத்திரை கேட்டது குற்றமுமல்ல. ஆனால் மேற்கு வர்ஜீனியாவில் ஏறக்குறைய 400 பேர் வாழ்ந்த கெர்மிட் என்ற ஊரின் ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் வந்து இறங்கின. அனுப்பியவர்கள் கணக்குத் தெரியாதவர்களா? கேட்டவர்க்கெல்லாம் சீட்டு எழுதித் தந்த மருத்துவமனைகளை மக்கள் 'பில் மில்', மாத்திரை ஆலை, என்றார்கள்.

மாத்திரை கிடைக்காதபோது உடல் நடுங்கிக் குமட்டுவதற்கு அவர்கள் சொல் 'டோப்சிக்'. 'டோப்' டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பு. அமெரிக்காவில் புகைப்பதற்காகக் காய்ச்சிய அபின் குழம்பைக் குறித்து, பிறகு எல்லாப் போதைப்பொருளுக்கும் பொதுவானது. மாத்திரை அரிதானதும் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். அதுவும் 1898இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்துக்கு இட்ட விற்பனைப் பெயரே. பின்னால் வந்த ஃபென்டனில் என்ற செயற்கை வலி மருந்து சாவைப் பன்மடங்காக்கியது.

தாயின் போதைப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் சிசுக்களைப் பராமரிக்கவே 2014இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் 'லில்லீஸ் பிளேஸ்' தொடங்கப்பட்டது. பெற்றோர் இறந்தோ சிறைப்பட்டோ போன பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகள் வளர்க்கிறார்கள். அத்தகைய வீடுகளை அங்கே 'கிராண்ட்ஃபேமிலி' என்கிறார்கள்.